மண்டலம் பதினான்கு

புந்தா அரீனாஸில்
இன்னும் கட்டாத விமான நிலையத்துக்குள்
நாற்பது நிமிடத்தில் ஓர் ஆண்டு ஓடி முடிகிறது.
எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி.
மிலென்கா ஒரு குவளை மாத்தே உறிஞ்சி முடிப்பதற்குள்
ஜூலைப் பனி வந்து கூரையில் இறங்கி
வெண்மை இல்லாமல், ஈரம் இல்லாமல்
வெறும் எண்ணாக உருகியும் போய்விடுகிறது.

பயணிகளும் உண்டு அங்கே.
ஆளுக்கு நூற்றிருபது வாட்.
யாருக்கும் இருமல் இல்லை,
யாரும் யாரையும் தேடுவதில்லை.
காலை ஆறுக்கு எரிந்து
இரவு பதினொன்றுக்கு அணைகிறார்கள்.

முதல் ஓட்டத்தில்
நடுங்க வேண்டிய ஜூனில் கூடம் வியர்த்தது.
இரண்டு நாள் துருவியதில் கிடைத்தது காரணம்:
ஐம்பத்து மூன்றுக்கு முன்னால்
ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது.
அந்தச் சின்னக் கோடு இல்லாததால்
ஊரே பூமியின் தலைமாட்டுக்குப் போய்
சூரியன் தெற்கே நடந்திருக்கிறது.
கோட்டைப் போட்டாள்.
வெயில் வடக்குச் சுவருக்குத் தாவியது.
தெற்கே பிரம்மாண்டமாய்க் கண்ணாடி வரைந்திருந்த
கட்டடக் கலைஞர் ஓர்லாந்தோ
அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை.

தென்றல் என்றால் நமக்கு இதம்.
அங்கே தெற்கிலிருந்து வருவது
காதைக் கழற்றிக் கையில் கொடுக்கும்.

பழைய நிலையத்தையும் மாதிரியாக்கி ஓட்டிப் பார்த்தாள்.
கணினி சொன்ன எரிவாயு ஒன்று,
வந்த கட்டணச் சீட்டு வேறொன்று.
நூற்றுக்கு முப்பது எங்கோ ஒழுகுகிறது.
சுவரில் இல்லை. கூரையில் இல்லை.
வெப்பமானியும் நிறுத்துக் கடிகாரமுமாக
வாசலில் போய் நின்றாள், ஒரு வியாழன் அதிகாலை.

ஆட்டுப் பண்ணையிலிருந்து வந்த ஒரு குடும்பம்.
பையன் வடக்கே, கலாமா சுரங்கத்துக்குப் போகிறான்.
தாய் அவன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்கிறாள்,
சரியாக இருந்ததை மறுபடியும்.
தகப்பன் தொப்பியைக் கழற்றுகிறான், மாட்டுகிறான்.
நிற்கும் இடம்
கதவின் உணர்கண்ணுக்கு நேர் கீழே.
கதவு மூட வரும்,
ஆளைப் பார்க்கும், பின்வாங்கும்.
உள்கதவும் அப்படியே.
இரண்டும் திறந்த வாய்களாகக் கிடக்க
நீரிணைக் காற்று மொத்தமும் உள்ளே.
ஒன்பது நிமிடம், இருபது நொடி.
காவலர் எரிபெர்த்தோ தோளைக் குறுக்கிக்கொண்டு
வேறெங்கோ பார்க்கிறார்.
'நகரச் சொல்லக் கூடாதா?' என்றாள்.
'சொல்லிப் பாருங்களேன்' என்றார்.
அவள் சொல்லவில்லை.

அலுவலகம் திரும்பி
உள்கதவை ஆறு மீட்டர் தள்ளி வைத்தாள்.
நடுவில் கண்படாத ஒரு மூலை,
ஒரு பலகை, தரைக்கடியில் கொஞ்சம் சூடு.
மண்டலம் பதினான்கு என்று பெயர்.
மறுபடி ஓட்டினாள்.
ஆண்டுக் கணக்கில் பதினொரு சதவீதம் இறங்கியது.

கூட்டத்தில் நிதிக்காரர் விரல் வைத்துக் கேட்டார்:
'இந்த இருபது சதுர மீட்டர் எதற்கு?
கடைக்கு விட்டால் வாடகை வருமே.'
'காற்றுத் தடுப்பு' என்றாள்.
பொய் இல்லை அது.

இன்னொன்றும் செய்தாள், யாரிடமும் கேட்காமல்.
அந்த மண்டலத்தில் மட்டும்
ஆளுக்கு நூற்றிருபது வாட்டை
நூற்று நாற்பதாக்கினாள்.
சரிபார்க்கும் குழு
சிவப்பு மையில் எழுதி அனுப்பியது:
இந்த எண்ணுக்கு ஆதாரம்?

கையேடுகளை மூடிவிட்டுக்
கட்டத்தில் தட்டினாள்:
நேரில் பார்த்தது.